கிளீனர் சீட்டும் டிரைவர் சீட்டும்: செங்கோட்டைச் சாலை சொல்லும் லாரி வரலாறு

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் வழியில் பிரானூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதை யாரும் வெறுமனே பிரானூர் என்று சொல்வதில்லை. "பார்டர்" என்றுதான் சொல்வார்கள். குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, பரோட்டாவும் கோழியும் சாப்பிடத் தேடிப் போகும் அதே பார்டர்தான். ஆனால் இன்றைய கேரள எல்லை அங்கே இல்லை. செங்கோட்டையைத் தாண்டி, புளியரையைத் தாண்டி, மலைமேல் கோட்டைவாசலில் இருக்கிறது. பிறகு ஏன் இந்தப் பெயர்? 1956 நவம்பர் 1-ம் தேதி வரை செங்கோட்டை தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இல்லை. திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது எல்லை மேற்கே நகர்ந்தது. பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது!

எல்லை என்றால் சரக்கு. சரக்கு என்றால் வண்டி. பிரானூரின் மர அறுவை மில்களுக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மரம் வருகிறது. புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்சத்திரம் காய்கறியும் இந்தப் பக்கத்திலிருந்து கேரளாவுக்குப் போகின்றன. கொல்லத்திலிருந்து புனலூர், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி, ராஜபாளையம் வழியாகத் திருமங்கலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-ல் இரவு முழுக்க லாரிகள் ஓடிக் கொண்டே இருக்கும்.

இந்த லாரிகளில் புதிதாக வேலைக்குச் சேரும் ஓர் இளைஞனுக்கு என்ன கிடைக்கிறது? எத்தனை மணி நேரம் உழைக்கிறான்? அவனுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கும் செலவு யார் தலையில் விழுகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

மாடு களைத்தால் வண்டி நிற்கும்

ரயிலும் லாரியும் வருவதற்கு முன்னால் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சரக்கு போனது மாட்டு வண்டியிலும் பொதி மாட்டிலும்தான். திருவிதாங்கூர் தனி சமஸ்தானம் என்பதால் எல்லையில் சுங்கச் சவுக்கையும் இருந்தது. 1865-ல் சென்னை அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கைக்குப் பிறகு பெரும்பாலான பொருள்களுக்குச் சுங்கத் தொல்லை குறைந்து வியாபாரம் பெருகியது.

வண்டிக்காரர்களில் சொந்த வண்டி வைத்திருந்தவர்களும் உண்டு, கூலிக்கு ஓட்டியவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் வேலை நேரத்துக்கு ஓர் இயற்கையான எல்லை இருந்தது. மாடு களைத்தால் வண்டி நின்றுவிடும். அவிழ்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, அது அசை போட்டு முடித்த பிறகுதான் அடுத்த பயணம். மாடு ஓய்வெடுக்கும்போது மனிதனும் ஓய்வெடுத்தான். சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 

1904-ல் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் ரயில் பாதை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்தும், பதின்மூன்று கண் பாலம் போன்ற பாலங்களைக் கட்டியும் போட்ட பாதை அது. இஞ்சினுக்கு மாட்டைப் போலக் களைப்பு கிடையாது. தண்ணீரும் கரியும் இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியானால் ஓட்டுகிறவனின் களைப்பை யார் கணக்கில் எடுப்பது? ரயில்வேயில் இதற்குச் சீக்கிரமே ஒரு பதில் கிடைத்தது. 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு வேலை நேரம் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. அதை ஒட்டி 1930-ல் இந்திய ரயில்வே சட்டம் திருத்தப்பட்டு, ரயில்வே ஊழியர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வந்தது. ரயில்வே ஒரே முதலாளி. ஆவணம் உண்டு, நிலையத்துக்கு நிலையம் நேரம் எழுதும் பழக்கம் உண்டு, தொழிற்சங்கமும் உண்டு. அதனால் விதியை ஓரளவு நடைமுறைப்படுத்தவும் முடிந்தது.

லாரிக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. கதையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ரயிலைக் காப்பாற்ற வந்த சட்டம்

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியச் சாலைகளில் மோட்டார் பஸ்களும் லாரிகளும் பெருகின. ரயிலுக்குப் போக வேண்டிய பயணிகளும் சரக்கும் சாலைக்குப் போவதைக் கண்டு அரசு கவலைப்பட்டது. ரயில்வேயில் அரசுப் பணம் கோடிக்கணக்கில் முடங்கியிருந்ததே! 1933-ல் மிட்சல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் சாலை-ரயில் போட்டி பற்றி ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1939-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். லாரிக்குப் பெர்மிட், எந்தப் பகுதியில் ஓட்டலாம் என்ற வரையறை எல்லாம் அப்போது வந்தவை.

அந்தச் சட்டத்தின் 65-வது பிரிவு டிரைவரைப் பற்றியும் பேசியது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்லக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம், ஒரு வாரத்தில் 54 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 9 மணி நேரத்தை யார் எண்ணுவது? லாரி இருப்பது மலைப்பாதையில். முதலாளி இருப்பது ஊரில். அதிகாரி இருப்பது அலுவலகத்தில்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ராணுவம் கழித்துப் போட்ட வண்டிகள் சந்தைக்கு வந்தன. 1954-ல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. சென்னை எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1959-ல் மசானி தலைமையிலான குழு, ரயிலுக்காக லாரியை இறுக்கிப் பிடித்தது போதும், தளர்த்துங்கள் என்று பரிந்துரை செய்தது. லாரியின் ஓட்டம் மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும், மாநிலத்திலிருந்து பல மாநிலங்களுக்கும் விரிந்தது. "லாங் டிரைவர்" என்ற ஆள் உருவானது இந்தக் காலத்தில்தான்.

1961-ம் ஆண்டுச் சட்டமும் அதன் ஓட்டையும்

1961-ல் பாராளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் சொன்னவை இவை:

- ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை.
- தொலைதூர வழித்தடங்களில் அனுமதி பெற்று நீட்டிக்கலாம். ஆனால் எக்காரணம் கொண்டும் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
- 5 மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி ஓய்வு.
- வாரம் ஒரு நாள் விடுமுறை.
- கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம்.
- இரவில் தங்க வேண்டிய இடங்களில் ஓய்வறை, முதலுதவிப் பெட்டி, சம்பளத்தோடு விடுப்பு.
- சிறுவர்களை வேலைக்கு வைக்கத் தடை.

டிரைவர் மட்டுமல்ல, கிளீனரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான். இவ்வளவும் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் சட்டம் ஒரு நிபந்தனையோடு வந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும்! இந்தியாவில் லாரித் தொழில் எப்படி நடக்கிறது? ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள்தான் மிக அதிகம். தென்காசிப் பக்கத்திலும் அப்படித்தான். கடன் வாங்கி ஒரு வண்டி எடுத்தவர், ஒரு டிரைவர், ஒரு கிளீனர். ஐந்து பேர் எங்கே வருவார்கள்?

1988-ம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம் (1989 ஜூலை 1 முதல் நடைமுறை) இந்த ஓட்டையைப் பாதி அடைத்தது. அதன் 91-வது பிரிவு, போக்குவரத்து வாகனத்தை ஓட்டும் எவருக்கும் வேலை நேரம் 1961 சட்டத்தில் சொன்னபடிதான் என்றது. ஆக, வேலை நேர வரம்பு எல்லா லாரி டிரைவருக்கும் வந்துவிட்டது. ஓய்வறை, இரட்டிப்பு ஊதியம், சம்பள விடுப்பு ஆகியவை மட்டும் பழையபடி ஐந்து பேர் கணக்கிலேயே நின்றன. வரம்பைத் தாண்டினால் கணக்குக் காட்ட ஏடு இல்லை. தாண்டியதற்குக் கூலி கேட்க உரிமையும் இல்லை.

கிளீனர்: கட்டணம் இல்லாத பள்ளிக்கூடம், சம்பளமும் இல்லாத வேலை

டிரைவர் எங்கிருந்து வருகிறார்? டிரைவிங் ஸ்கூலில் எல் போர்டு மாட்டிய கார் ஓட்டக் கற்றுக் கொள்ளலாம். பத்து டன் பாரத்தோடு புளியரை எஸ் வளைவில் இறங்க அங்கே யாரும் கற்றுத் தருவதில்லை. அதைக் கற்றுத் தந்தது கிளீனர் சீட்.

கிளீனரின் வேலைப் பட்டியல் பெரியது. டயரைத் தட்டிப் பார்த்துக் காற்று சொல்வது, தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்டுவது, பின்னால் போய் நின்று "வரலாம், வரலாம்" என்று கத்துவது, ஏற்றத்தில் வண்டி நின்றால் ஓடிப்போய் பின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, வண்டி கழுவுவது, வழியில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குவது, டிரைவர் தூங்கும்போது சரக்கைக் காவல் காப்பது. டிரைவரை "அண்ணே" என்று கூப்பிடுவான். அவர் "ஏல" என்று கூப்பிடுவார். சாப்பாடு உண்டு. கைச்செலவுக்குக் கொஞ்சம் பேட்டா உண்டு. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. "தொழில் கத்துக்கிடுதான்ல, அதுவே சம்பளம்தான்" என்பது இந்தத் தொழிலின் எழுதப்படாத சட்டம்.

இரவில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், டிரைவர் அண்ணன் மனம் வைத்தால் ஸ்டியரிங் கைக்கு வரும். லைசென்ஸ் கிடையாது. சட்டப்படி தவறு. பிடிபட்டாலோ விபத்து நடந்தாலோ இருவருக்கும் ஆபத்து. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக லாரி ஓட்டக் கற்றுக் கொண்டது இப்படித்தான். இன்றைய சட்டப்படி சரக்கு வாகன லைசென்சுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். வீட்டு நிலைமையால் பதினைந்து பதினாறு வயதில் வண்டி ஏறியவன் அந்த நாலைந்து வருடங்களைக் கிளீனராகக் கழித்தான்.

இந்த ஏணிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பகுதி இந்தியாவின் பெரிய லாரி மையங்களில் ஒன்றாக வளர்ந்தபோது, கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு கடனில் சொந்த வண்டி எடுத்து உரிமையாளரானவர்கள் நிறையப் பேர். கூலி குறைவானாலும், பொறுத்துக் கொண்டால் ஒரு நாள் நாமும் ஓனர் ஆகலாம் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் குறைந்த கூலியைத் தாங்க வைத்தது.

சம்பளமா, பேட்டாவா?

லாரி டிரைவரிடம் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் வராது. மாதச் சம்பளம் கொஞ்சம் வைத்து, டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா என்பது ஒரு முறை. சம்பளமே இல்லாமல் வாடகையில் சதவீதம் என்பது இன்னொரு முறை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது மூன்றாவது. டீசல், டோல், வழிச்செலவு எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மிச்சம் பிடித்தால் உனக்கு என்பது நான்காவது. 

எந்த முறையாக இருந்தாலும் ஒரு விஷயம் பொது. வண்டி ஓடினால்தான் காசு! லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு, எல்லை வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் காகிதத்தை நீட்டிக் கொண்டு வரிசையில் நின்ற மணி நேரங்களுக்கும் யாரும் கூலி தரவில்லை. இழந்த நேரத்தை எங்கே பிடிப்பது? தூக்கத்தில்தான்.

ஒரு எளிய கணக்கு போட்டுப் பாருங்கள். தென்காசியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். பாரம் ஏற்றிய லாரி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக் கொண்டால் 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1961-ம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது அதிகபட்சம் 10 மணி நேரம். ஒற்றை டிரைவர் சட்டப்படி ஓட்டினால் வழியில் ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் காய்கறி காத்திருக்காது. விடியற்காலை மார்க்கெட்டைத் தவறவிட்டால் விலை விழும். வியாபாரி வாடகையைப் பிடிப்பார், ஓனர் பேட்டாவைப் பிடிப்பார். ஆக, சட்டத்தை மீறச் சொல்லி யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கூலி முறையே அதைச் சொல்லிவிடுகிறது.

2020-ல் சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் லாரி டிரைவர்களிடம் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 12 மணி நேரம் ஓட்டுகிறார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் களைப்பு, தூக்கக் கலக்கத்தோடும் ஓட்டுவதாகச் சொன்னார்கள்.

பேட்டா முறையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. சட்டப்படி விபத்தில் இறக்கும் அல்லது ஊனமாகும் டிரைவருக்கும் கிளீனருக்கும் இழப்பீடு உண்டு. வண்டியின் இன்சூரன்சும் அதற்குப் பொறுப்பேற்கும். ஆனால் இழப்பீடு ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பயணப்படி ஊதியத்தில் சேராது என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் பேட்டா ஊதியமா, பயணப்படியா? இந்தக் கேள்விக்காகக் குடும்பங்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. வருமானத்தில் பாதிக்கு மேல் பேட்டாவாக வாங்கியவருக்கு, உயிரோடு இருக்கும்போது தெரியாத இழப்பு அப்போது தெரிய வருகிறது. அவர் அந்த வண்டியில்தான் வேலை செய்தார் என்பதற்கே ஒரு துண்டுக் காகிதம் இல்லாத வீடுகளும் உண்டு.

ஒரே சாலை, இரண்டு வாழ்க்கை

இதே மலைப்பாதையில் பஸ்ஸும் ஓடுகிறது. 1970-களுக்கு முன் தமிழ்நாட்டில் பஸ் டிரைவரும் பெரும்பாலும் தனியார் முதலாளியிடம்தான் வேலை பார்த்தார். பிறகு பஸ்கள் அரசுடைமை ஆயின. 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம், 1974-ல் திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். பஸ் டிரைவருக்கு ஊதிய விகிதம் வந்தது, வருங்கால வைப்பு நிதி வந்தது, பணிக்கொடை வந்தது, டூட்டி நேரம் எழுதும் ஏடு வந்தது. ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குத் தொழிற்சங்கம் வந்தது. 

அங்கேயும் குறைகள் இல்லாமல் இல்லை. ஓய்வுபெற்றவர்களின் பணப்பலன் நிலுவைக்காக அவர்கள் எத்தனை முறை போராடியிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கேட்பதற்கு ஓர் இடமாவது இருக்கிறது. அதே வளைவில், அதே மழையில், அதைவிடப் பெரிய வண்டியை ஓட்டும் லாரிக்காரருக்கு அந்த இடம் இல்லை. திறமை வேறு என்பதால் வந்த வித்தியாசம் அல்ல இது. முதலாளி ஒருவரா, ஆயிரம் பேரா என்பதால் வந்த வித்தியாசம்.

இரண்டாவது டிரைவர் இறக்கிவிடப்பட்ட கதை

1975-ல் தேசியப் பெர்மிட் முறை வந்தது. ஒரே அனுமதியோடு பல மாநிலங்களில் லாரி ஓட்டலாம் என்றானது. இவ்வளவு தூரத்தை ஒருவரால் ஓட்ட முடியாது என்பது அரசுக்கும் தெரியும். அதனால் 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் (விதி 90) தேசியப் பெர்மிட் லாரிக்குக் குறைந்தது இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்றும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கால் நீட்டிப் படுக்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முழு அகலத்துக்கு இருக்கை வேண்டும் என்றும் எழுதினார்கள். 

புதிய டிரைவருக்கு இது பெரிய வரம். லைசென்ஸ் எடுத்த கையோடு அனுபவசாலி ஒருவருக்குத் துணையாக, சம்பளத்தோடு, சட்டப்படி ஓட்டக் கற்றுக் கொள்ளலாம்! நடைமுறையில் பலர் கிளீனரையே இரண்டாவது டிரைவராகக் கணக்குக் காட்டினார்கள் என்றாலும், விதியாவது இருந்தது.

வாடகை உயராமல் டீசலும் டோலும் உயர உயர, செலவைக் குறைக்க உரிமையாளர்களின் கை முதலில் போனது ஆள் கூலியில்தான். கிளீனர் காணாமல் போனார். பிறகு 2018-ல் இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியும் நீக்கப்பட்டது. நெடுஞ்சாலைகள் மேம்பட்டுவிட்டன, வண்டிகள் நவீனமாகிவிட்டன என்பது சொல்லப்பட்ட நியாயம். 2019-ல் டிரைவருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையும் போனது. நாட்டில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை என்று அப்போது மத்திய போக்குவரத்து அமைச்சகம் சொன்னது.

இதில் உள்ள முரணைப் பாருங்கள். ஒரு பக்கம் டிரைவர் கிடைக்கவில்லை என்கிறார்கள். இன்னொரு பக்கம் புதிய டிரைவர் உருவாகும் இடமான அந்த இரண்டாவது சீட்டையே காலி செய்துவிட்டார்கள். நேற்று லைசென்ஸ் வாங்கியவன் இன்று தனியாக மலை ஏற வேண்டியிருக்கிறது. கட்டை வைக்கவும் ஆள் இல்லை, தூங்கினால் தட்டி எழுப்பவும் ஆள் இல்லை. கூடவே கிளீனரின் வேலை முழுவதும் டிரைவர் தலையில் ஏறிவிட்டது. அதற்குத் தனிக் கூலியும் பெரும்பாலும் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான்!

இது நம் ஊர் ஏழ்மையால் வந்த பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1938-ம் ஆண்டின் நியாயமான தொழில் தரச் சட்டம் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்றது. ஆனால் மாநிலங்களுக்கு இடையே லாரி ஓட்டுகிறவர்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. 1980-ல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் போட்டி கூடி, தொழிற்சங்கம் சுருங்கி, டிரைவர்களின் உண்மை ஊதியம் சரிந்தது. அங்கேயும் மைலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. காத்திருக்கும் நேரம் அங்கேயும் பெரும்பாலும் இலவசம்தான்.

புதியவர்களின் நிலையைக் காட்ட ஒரு வழக்கு போதும். ஒலிவேரா என்ற டிரைவர், தான் பயிற்சிக் காலத்தில் 10,000 மைல் வரை ஊதியமில்லாமல் ஓட்ட வேண்டியிருந்தது, பிறகும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று தன் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். நீ தொழிலாளியே அல்ல, ஒப்பந்தக்காரர், அதனால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்றது நிறுவனம். 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சட்டம் தந்த விலக்கு ஒப்பந்தக்காரர்களாக வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும் என்று டிரைவர் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 10,000 மைல் என்றால் 16,000 கிலோமீட்டர். தென்காசிக்கும் சென்னைக்கும் பன்னிரண்டு முறைக்கு மேல் போய் வரும் தூரம்! பெயர்தான் அங்கே "டிரெய்னி", இங்கே "கிளீனர்".

ஐரோப்பா வேறு வழியில் போனது. வண்டி ஓடும் நேரத்தைத் தானே பதிவு செய்யும் டாகோகிராஃப் கருவியை 1970-களிலேயே கட்டாயமாக்க ஆரம்பித்தார்கள். இன்றைய ஐரோப்பிய விதிப்படி நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவெளி வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். நம் 1939 சட்டம் எழுதிய அதே 9 மணி நேரம்! வித்தியாசம் ஒன்றுதான். அங்கே எண்ணுவதற்கு ஒரு கருவி இருந்தது.

புளியரையில் ஓர் இரவு

2024 பிப்ரவரி 25-ம் தேதி அதிகாலை. கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று, புளியரை எஸ் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, கீழே இருந்த ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். சத்தம் கேட்டு ஓடிவந்த, அங்கேயே குடியிருந்த வயதான தம்பதி, ரயில் வரும் சத்தமும் கேட்கவே, கையில் இருந்த டார்ச்சை அடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி ரயிலை நிறுத்தினார்கள். தமிழக முதல்வர் அவர்களைப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். நாடே அவர்களைக் கொண்டாடியது, அது நியாயமும்கூட. 

ஆனால் செய்திகளில் அந்த டிரைவர் ஒரு வரியோடு முடிந்துபோனார். நம் சாலைகளில் லாரி டிரைவரின் மரணம் அவ்வளவுதான் இடம் பிடிக்கிறது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2024 ஜனவரித் தொடக்கத்தில், இந்தியா முழுக்க லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்றது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்து வருடம் என்றார்கள் டிரைவர்கள். மத்திய அரசு பேச்சுவார்த்தை நடத்தியது. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. சங்கம் இல்லாதவர்கள் என்று நினைக்கப்பட்டவர்கள் ஒன்றாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மாறியதும் மாறாததும்

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். மே மாத வெயிலில் இஞ்சின் சூட்டின் மேல் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது. புதிய டிரைவர் கைக்குப் பொதுவாக முதலில் வருவது பழைய வண்டிதான்.

1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கான வரம்பு ஐந்து தொழிலாளர் என்பதிலிருந்து பத்து என்று உயர்ந்திருக்கிறது. ஓட்டை அடைபடவில்லை, அகலமாகிவிட்டது. 

தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, ஓய்வூதியம் உண்டு. புதிதாக வண்டி ஏறும் இளைஞன் லைசென்ஸ் எடுத்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் இந்தப் பதிவுதான். இரண்டாவது, தன் பெயரும் வண்டி எண்ணும் சம்பளமும் எழுதிய ஒரு காகிதத்தை ஓனரிடம் கேட்டு வாங்குவது. கேட்கக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் பின்னால் குடும்பத்துக்குப் பேசப் போவது அந்தக் காகிதம்தான்.

வேலை நேரத்தை எண்ணுவதும் இன்று கடினமான காரியம் இல்லை. ஜி.பி.எஸ். இருக்கிறது, ஃபாஸ்டேக் இருக்கிறது. எந்த வண்டி எந்த டோலை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது நொடி சுத்தமாகத் தெரிகிறது. பணம் வசூலிக்க உதவும் அதே கணக்கு, ஒரு மனிதன் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் இருக்கிறான் என்பதையும் சொல்லும். அதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். 

மாட்டு வண்டிக் காலத்தில் மாட்டின் களைப்பை மதித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. இல்லையென்றால் வண்டி நகராது. மனிதன் களைத்தாலும் லாரி நகரும். வித்தியாசம் இவ்வளவுதான், ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. 1939 முதல் சட்டங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. ஓடாத நேரத்துக்கும் கூலி, இரண்டாவது சீட்டில் சம்பளத்தோடு ஒரு கற்றுக்குட்டி, எண்ணிப் பார்க்க ஓர் ஆள் என்ற மூன்றும் வந்தால், அந்தச் சட்டங்கள் காகிதத்திலிருந்து இறங்கிச் சாலைக்கு வரும்.